வைத்தியம் பயில்வோர்க்கு ஒரு புதிய பாடம்

வைத்தியக் கல்லூரியிற் சேர விரும்பும் மாணவர் என்னென்ன படிக்க வேண்டும் என்று கேட்டால், பௌதிகம், ரசாயனம், உயிர்நூல் என்று மூன்றைச் சொல்லி நிறுத்திவிடுவோம். நம் நாட்டு நிலை அதுவே. ‘நீட்’ என வழங்கும் தேசிய நுழைவுப் பரீட்சையில் 180 வினாக்கள். அவற்றுள் 45 பௌதிகம், 45 ரசாயனம், எஞ்சிய 90-ம் உயிர்நூல். 720 மதிப்பெண்களும் இம்மூன்றுக்கே உரியவை. நோயாளி எப்படி நினைக்கிறான், எதற்கு அஞ்சுகிறான், யாரோடு வாழ்கிறான், எந்தத் தொழிலால் நலிந்தான் என்பனவற்றை அப்பரீட்சை பெரும்பாலும் கேட்பதில்லை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் வைத்தியக் கல்லூரிகளிற் சேர விரும்புவோர் எழுதும் பரீட்சைக்கு ‘எம்கேட்’ என்று பெயர். அதிலும் நெடுங்காலம் விஞ்ஞானமே ஆட்சி செலுத்திவந்தது. 2015-ஆம் ஆண்டில் அப்பரீட்சையைத் திருத்தியமைத்தார்கள். இப்போது அதன் நான்கு பகுதிகளுள் ஒன்று மனோதத்துவத்துக்கும் சமூகவியலுக்கும் உரியது. 59 வினாக்களுக்கு 95 நிமிஷங்களில் விடையளிக்க வேண்டும். அவற்றுள் நூற்றுக்கு 65 பங்கு மனோதத்துவம். 30 பங்கு சமூகவியல். 5 பங்கு உயிர்நூல். உடலை அறிந்தவன் மட்டும் வைத்தியனாகிவிட முடியாது. உடலுக்குரியவனையும் அவன் சுற்றத்தையும் அறிய வேண்டும் என்பதே இத்திருத்தத்தின் கருத்து.

கருத்து நல்லதுதான். ஆனால், பரீட்சை என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு ஆசிரியர்களும் வந்துவிடுகிறார்கள், கட்டணமும் வந்துவிடுகிறது, நூற்றுக்கணக்கான கலைச்சொற்களைச் சிறு அட்டைகளில் எழுதி உருப்போடும் வழக்கமும் வந்துவிடுகிறது. மனிதனை அறிவதற்காக வைத்த பாடம், மனிதனைப் பாராமலே படித்து முடிக்கும் பாடமாகிவிடுகிறது. இதை நாம் ஊகமாகச் சொல்லவில்லை. சென்ற கோடையில் இப்பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு நமக்கே வாய்த்தது. அது வாய்த்த இடம் கோலார் தங்கவயல்.

தங்கவயலைப் பற்றி வெளிமாநிலத் தமிழர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கத் தொழிலைக் கையிலெடுத்தது முதல், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம்மவர் அலையலையாகச் சென்று குடியேறினர். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்கம் ஆழ்ந்துகொண்டே போயிற்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தை எட்டியது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் எல்லாம் மூடப்பட்டன. தொழிலாளர் வாழ்ந்த ‘லைன்’ வீடுகள் மட்டும் நின்றன. இன்று அவ்வீடுகளின் பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பங்காருப்பேட்டை வழியாக நெடுந்தூரம் சென்று பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவில் திரும்புகிறார்கள்.

நம் தாய்மாமன் அங்கே ஒரு லைன் வீட்டில் இருக்கிறார். 76 பிராயம். 1969 முதல் சுரங்கம் மூடும் வரை 32 ஆண்டுகள் பாறையில் துளையிடும் இயந்திரம் பிடித்தவர். அவருடைய மூத்த மகன் ரயிலேறும் கூட்டத்தில் ஒருவர். இளைய மகன் அமெரிக்காவில் குடியேறியவர். சென்ற கோடையில் இளையவருடைய மகள் எம்கேட் புத்தகங்களோடு விடுமுறைக்கு வந்திருந்தாள். மூத்தவருடைய இளைய மகள் முதலாண்டு பி.யு.சி. முடித்து, நீட்டுக்காகப் படித்துக்கொண்டிருந்தாள். அக்காளுக்கு விஞ்ஞானப் பகுதிகளில் தடையில்லை. மனோதத்துவமும் சமூகவியலுமே இடறின. “மாமா, நீங்கள் கலைப்பட்டதாரி அல்லவா? எனக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்” என்றாள். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் அந்த ரயிலில் நாமும் எதிர்த்திசையிற் சென்று வந்தோம்.

முதல் நாள் அவள் அட்டைக்கட்டைக் காட்டினாள். முந்நூறுக்குக் குறையாது. ஒரு சொல்லைக் காட்டினால் அதன் இலக்கணத்தைப் பிழையில்லாமல் ஒப்பிப்பாள். ஆனால், ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி, “இதில் விளங்குவது எது?” என்று கேட்டால் திகைத்துப்போவாள். பரீட்சையோ பெரும்பாலும் இரண்டாம் வகையிலேயே கேட்கிறது. 59 வினாக்களில் 44, பத்துச் சிறு பகுதிகளைப் படித்து விடை சொல்வதற்காக அமைந்தவை. ஓர் ஆராய்ச்சியையோ நிகழ்ச்சியையோ விவரித்து, அதன்மேல் வினா எழுப்புவார்கள். சொல்லை அறிந்தாற் போதாது. சொல் வாழும் இடத்தை அறிய வேண்டும்.

நாம் மொழிபெயர்ப்பை உத்தியோகமாகக் கொண்டவர்கள். ஒரு சொல் நமக்கு விளங்கிவிட்டதா என்பதற்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு சோதனை உண்டு: அந்தச் சொல்லைச் சொல்லாமல், அது தெரியாத ஒருவருக்கு அதைச் சொல்லிப் பார்ப்பது. அதையே இங்கும் விதியாக வைத்தோம். “ஒவ்வொரு பாடத்தையும் தாத்தாவுக்குத் தமிழிற் சொல். கலைச்சொல் கூடாது. அவர் தலையசைத்தால் அட்டையை எடுத்து வைத்துவிடலாம்” என்றோம். மாமா திண்ணையிலிருந்து சிரித்தார். “சொல்லு கண்ணு, நானும் பாஸ் பண்றேன்” என்றார்.

மணியோசை கேட்டதும் நாய்க்கு எச்சில் ஊறியது என்னும் பாவ்லாவின் ஆராய்ச்சியை அவள் தன் உடைந்த தமிழிற் சொன்னாள். மாமா உடனே, “எங்களுக்குச் சங்கு” என்றார். ஷிப்டுக்கு ஊதும் சுரங்கச் சங்கைச் சொன்னார். சங்கு நின்று இத்தனை ஆண்டுகளாகியும், பெங்களூரில் எங்கோ ஓர் ஆலையின் சங்கொலி கேட்டால் கை தானாகச் சட்டையைத் தேடுகிறது என்றார். ‘பழக்கத்தால் வந்த எதிர்வினை’, ‘அது மறைந்த பின்னும் மீண்டும் எழுவது’ என்னும் இரண்டு அட்டைகளும் அன்றே கட்டைவிட்டுப் போயின.

தங்கையும் அருகில் உட்கார்ந்து கேட்டாள். ஆனால், அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தாள். “இது எனக்குப் பரீட்சையில் வராதே, மாமா?” என்றாள். குற்றமில்லை, வராதுதான். என்றாலும், மனோதத்துவத்தில் அவளுக்கும் ஒரு பங்கு இருந்தது. படித்தது எவ்வளவு விரைவில் மறக்கிறது என்பதை ஜெர்மன் அறிஞர் எபிங்ஹாஸ் தம்மையே சோதித்துப் பார்த்து 1885-இல் வெளியிட்டார். ஒரே மூச்சில் பத்து முறை படிப்பதைவிட, நாள் இடைவிட்டுச் சில முறை படிப்பது நெடுநாள் நிற்கும். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பது நன்கு பதியும். இவை பின்னர் வந்த ஆராய்ச்சிகளாலும் உறுதிப்பட்ட உண்மைகள். தங்கை தன் உயிர்நூல் பாடத்துக்கு இம்முறையைக் கையாளத் தொடங்கினாள்.

சமூகவியலுக்கு வந்தபோது நாம் நம் அலுவலகத்தையே உதாரணமாக்கினோம். 1967-இல் லண்டன் நகரத்து அரசாங்க உத்தியோகஸ்தர்களைக் கொண்டு ‘ஒயிட்ஹால் ஆராய்ச்சி’ தொடங்கிற்று. யாவரும் அரசாங்க அலுவலகங்களில் வேலை செய்பவர்; யாவருக்கும் இலவச வைத்திய வசதி உண்டு; பட்டினி கிடப்பவர் ஒருவருமில்லை. ஆயினும், கடைநிலையில் இருந்தோர் இருதய நோயால் இறப்பது, உயர்நிலையில் இருந்தோரைக் காட்டிலும் சுமார் மூன்று மடங்காக இருந்தது. புகைத்தல் முதலிய பழக்கங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பின்னும் வேற்றுமை முழுவதும் மறையவில்லை. ஏணியில் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதே உடம்பில் எழுதப்படுகிறது என்று இதற்குப் பொருள் கூறலாம். மாமா இதற்குத் தலையசைக்க நேரமாகவில்லை. சுரங்கத்தில் மேலே இருந்தவர் யார், கீழே இறங்கியவர் யார் என்பது அவருக்குத் தெரியாததா?

நாலாம் ஞாயிறு ஒரு மாதிரி வினாவை நாமே எழுதிச் சென்றோம். அது இது: ஒரு தொழிலாளி ஐந்தாண்டுகளாக இருமுகிறார். வைத்தியரிடம் போகவில்லை. ஏன் என்று கேட்டால், “இந்த லைனில் இருமாதவர் யார்?” என்கிறார். அவர் நடத்தைக்குப் பொருந்தும் விளக்கம் எது? நோய் இல்லையென்று மனம் மறுப்பதா? நோயாளி என்ற நிலையை ஏற்க மனமில்லாமையா? பிறர் இழிவாக நினைப்பர் என்ற அச்சமா? சுற்றிலும் எல்லாருக்கும் உள்ளதை இயல்பென்று கொள்வதா?

அக்காள் மூன்று விடைகளுக்கு இடையே தடுமாறினாள். நான்கும் உலகத்தில் உண்மையே. ஆயினும், கொடுத்த வாக்கியத்தில் சான்று உள்ளது ஒன்றுக்கே. “எல்லாரும் இருமுகிறார்கள்” என்கிறாரே தவிர, இருமல் இல்லை என்று அவர் சொல்லவில்லை, அஞ்சுவதாகவும் சொல்லவில்லை. ஆகவே நான்காவதே விடை. சொல்லாததை நாமாகக் கூட்டிக்கொள்ளலாகாது என்பது இப்பகுதிக்கு முதல் விதி. “சரி, மூன்றாவது விடை பொருந்த வேண்டுமானால் அவர் என்ன சொல்லியிருக்க வேண்டும்?” என்று கேட்டோம்.

அவள் யோசித்தாள். திண்ணையிலிருந்து மாமாவின் குரல் வந்தது: “பேத்தி கலியாணம் முடியட்டும்னு சொல்லியிருப்பான்.”

ஒருவரும் பேசவில்லை. அந்த வீட்டின் மூத்த பேத்திக்கு முந்திய ஆண்டுதான் மணம் நடந்தது. அப்போதுதான் நாம் திண்ணையைக் கவனித்தோம். மாமாவுக்கென்று ஒரு தட்டும் ஒரு டம்ளரும் தனியே கவிழ்த்திருந்தன. இரண்டாண்டுகளாக அவர் வீட்டுக்குள் உட்கார்ந்து உண்பதில்லையாம். வயோதிகர், காற்றை விரும்புகிறார் என்று நாம் எண்ணியிருந்தோம்.

அக்காள் புத்தகத்தை மூடினாள். திண்ணைக்குச் சென்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “தாத்தா, என்ன வேலை செய்தீர்கள்? எந்த இடத்தில்? எத்தனை வருஷம்?” என்று கேட்டாள். மாமா அன்று இரண்டு மணி நேரம் பேசினார். பாறையைத் துளைக்கும்போது எழும் புழுதி, முகத்தில் கட்டிய துணி, அடிமட்டத்தின் வெப்பம், உடன் இறங்கியவர்களின் பெயர்கள், அவர்களுள் இருமி இருமி மடிந்தவர்கள் எல்லாம் அதில் வந்தன. ஊரில் ஒரு வைத்தியர் மார்பைப் பார்த்துவிட்டுக் காசநோய் என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை கொடுத்ததையும், இருமல் நிற்காமல் மறுபடியும் அதையே கொடுத்ததையும் சொன்னார். “நீங்கள் சுரங்கத்தில் இருந்ததைச் சொல்லவில்லையா?” என்று கேட்டோம். “அவரு கேக்கலை. நானும் சொல்லலை, மாப்பிள்ளை” என்றார்.

1700-ஆம் ஆண்டில் இத்தாலிய வைத்தியர் ராமஜீனி தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் முதல் அத்தியாயமே சுரங்கத் தொழிலாளரைப் பற்றியது. நோயாளியிடம் வைத்தியர் கேட்க வேண்டியவையாகப் பழைய கிரேக்க ஆசான் ஹிப்போகிராட்டஸ் வகுத்த கேள்விகளோடு, “உன் தொழில் என்ன?” என்ற ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் அறிவுறுத்தினார். பாறைப் புழுதி நுரையீரலிற் படிந்து இறுகும் நோய்க்கு இன்று சிலிகோசிஸ் என்று பெயர். 1940-களில் நடந்த வைத்திய ஆராய்ச்சியே இந்நோய் தங்கவயல் தொழிலாளரிடம் பரவியிருந்ததைக் காட்டியது. இத்தனையும் தெரிந்த பின்னரும், இந்த ஊரிலேயே, அந்த ஒரு கேள்வி கேட்கப்படாமற் போயிற்று.

மறு வாரம் மாமாவைப் பெங்களூரில் ஒரு மார்புநோய் நிபுணரிடம் அழைத்துச் சென்றோம். அவர் எக்ஸ்ரேயைப் பார்க்குமுன்பே தொழிலைக் கேட்டார். புழுதி நோய் என்று சொன்னார். சளியைச் சோதித்ததில் காசக் கிருமி இல்லை. ஆயினும், புழுதி படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதிற் பற்றுமாதலால் எச்சரிக்கையாக இருந்து அவ்வப்போது சோதித்துக்கொள்ள வேண்டும் என்றார். தீரும் நோய் அன்று. அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. மாமாவுக்கு இன்றும் மேடேறினால் மூச்சு வாங்குகிறது. ஆனால், அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் நோயும் அன்று. அன்றிரவு அந்தத் தட்டும் டம்ளரும் வீட்டுக்குள் சென்றன.

எஞ்சிய இரண்டு ஞாயிறுகளில் அக்காளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது எளிதாயிற்று. அமெரிக்கச் சமூகவியலறிஞர் பார்ஸன்ஸ் 1951-இல் வகுத்த ‘நோயாளி நிலை’ என்பது என்ன? நோயுற்றவனுக்கு வேலையிலிருந்து விலக்கு உண்டு. நோய்க்காக அவனைக் குறைகூறக் கூடாது. பதிலுக்கு அவன் குணமாக விரும்ப வேண்டும், தக்க வைத்தியரை நாட வேண்டும். தீராத நோய்க்கு இது பொருந்தாது என்று பின்வந்தோர் குறை கூறினர். அது ஏன் என்று மாமாவைக் கண்டவளுக்கு விளக்க வேண்டுமோ? காஃப்மன் 1963-இல் எழுதிய களங்க முத்திரையைப் பற்றிய நூலும் அவ்வாறே. ஒருவன் நடத்தைக்கு அவன் சூழ்நிலையைப் பாராமல், அவன் குணமே காரணம் என்று முடிவுகட்டும் பிழையைப் பற்றிய அட்டையும் இருந்தது. “பிடிவாதக்காரர், வைத்தியரிடம் போக மாட்டார்” என்று வீட்டில் நாம் எல்லாரும் மாமாவைப் பற்றிச் சொல்லிவந்தோம். அந்த அட்டையைக் கையில் எடுத்தபோது நமக்கே தலை குனிந்தது.

அவ்வாறாயின், நம் நாட்டு நுழைவுப் பரீட்சையிலும் இப்பாடத்தைச் சேர்த்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். நாம் அப்படிச் சொல்லத் துணியவில்லை. இன்னும் ஒரு தாள் வந்தால் இன்னும் ஒரு கட்டணம் வரும். ரயிலேறிப் பிழைப்பவர் வீட்டுப் பெண் இன்னும் ஒரு படி பின்தங்குவாள். இப்போதே பிராந்திய மொழி வினாத்தாள் அந்தந்த மாநில மையங்களிலேயே கிடைக்கிறது. தமிழில் நீட் எழுத விரும்பும் தங்கவயல் மாணவர் தமிழ்நாட்டு மையத்தைத் தேட வேண்டியிருக்கிறது. தகுந்த இடம் கல்லூரிதான். 2019-இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் திருத்தப்பட்டபோது, மனப்பான்மை, நெறி, நோயாளியோடு பேசும் முறை ஆகியவற்றுக்கு இடம் கொடுத்தார்கள். தொடக்கப் பயிற்சியில் உள்ளூர் மொழியையும் சேர்த்தார்கள். இவை வெறும் சடங்காகிவிடாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம்.

உள்ளூர் மொழி என்றதும் ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. 1848-இல் மேல் சைலீசியாவில் டைபஸ் காய்ச்சல் பரவியபோது, பிரஷ்ய அரசு ஃபிர்கோ என்ற இளம் வைத்தியரை அனுப்பியது. அங்குள்ள ஏழை மக்கள் போலிஷ் மொழி பேசுவோர். ஆட்சி நடந்ததோ ஜெர்மன் மொழியில். அவர் எழுதிய அறிக்கை மருந்துகளோடு நிற்கவில்லை. கல்வி வேண்டும், சாலை வேண்டும், சுயாட்சி வேண்டும், மக்களுடைய போலிஷ் மொழிக்கு ஆட்சியில் இடம் வேண்டும் என்று கேட்டது. நோயாளி தன் துன்பத்தைத் தன் மொழியிற் சொல்ல முடியாவிட்டால் வைத்தியம் பாதியிலேயே நின்றுவிடும் என்பதை வெளிமாநிலங்களில் வாழும் நாம் அனுபவத்தில் அறிவோம். மாமா அன்று இரண்டு மணி நேரம் பேசியது தமிழில் கேட்டதனால்தான்.

அக்காள் பரீட்சை எழுதினாள். ஒவ்வொரு பகுதிக்கும் 118 முதல் 132 வரை எண் இடுவார்கள். இப்பகுதியில் அவள் 128 பெற்றாள். நல்ல எண்ணே. தங்கை இன்னும் நீட்டுக்குப் படித்துவருகிறாள். சென்ற மாதம் நாம் சென்றிருந்தபோது, அடுத்த லைனிலுள்ள ஒரு முதியவரிடம் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவர் சுரங்கத்தில் என்ன வேலை செய்தார், எத்தனை ஆண்டுகள் செய்தார், இருமல் எப்போது தொடங்கியது என்பவற்றை எழுதிக்கொண்டிருந்தாள். வைத்தியரிடம் போகும்போது அந்தத் தாளைக் கொண்டுபோக வேண்டுமாம். “இதுவும் பரீட்சையில் வராதே, அம்மா?” என்று நாம் கேட்டோம். “வராது, மாமா” என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வியைக் கேட்கத் திரும்பிவிட்டாள்.

பம்பாய் ஆலைகளிலும், அசாம் தோட்டங்களிலும், டில்லி அலுவலகங்களிலும் உழைத்து ஓய்ந்த பெரியோர் பல தமிழ் வீடுகளில் இருக்கிறார்கள். வைத்தியம் படிக்க விரும்பும் பிள்ளை எந்த வீட்டில் இருந்தாலும், அந்தப் பெரியவர் அருகில் ஒரு பிற்பகல் அதை உட்கார வையுங்கள். அவர் என்ன தொழில் செய்தார், அந்தத் தொழில் அவரை என்ன செய்தது என்று அது கேட்டு எழுதட்டும். அதற்குக் கட்டணமில்லை.